மடக்கை: சொல்லும் கணக்கும்

பள்ளியில் 'லாக்' என்று சொல்லிப் பழகிய லாகரிதத்துக்குத் தமிழ்ப் பாடநூல்கள் தரும் சொல் மடக்கை. ஓர் எண்ணை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் நமக்கு வேண்டிய எண் கிடைக்கும் என்ற கேள்விக்கு விடைதான் அது. 2⁵ = 32. ஆகவே 2-ஐ அடிமானமாக, அதாவது உயர்த்தப்படும் எண்ணாக, வைத்தால் 32-இன் மடக்கை 5. எழுதும்போது மடக்கை₂ 32 = 5.

லாகரிதம் என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். கிரேக்கத்தில் லோகோஸ் என்றால் விகிதம், அரித்மோஸ் என்றால் எண். 1614-இல் எடின்பரோவில் வெளியான அவருடைய லத்தீன் நூலில் அடுக்குக்குறி என்ற பேச்சே கிடையாது. ஒரு கோட்டில் சீரான வேகத்தில் போகும் புள்ளி, இன்னொரு கோட்டில் மீதி இருக்கும் தூரத்துக்கு ஏற்ப வேகம் குறைந்துகொண்டே போகும் புள்ளி, இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் அவர் தம் எண்களைக் கண்டார். அடுத்த ஆண்டே லண்டனிலிருந்து ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடிப் போனார். 10-ஐ அடிமானமாக்கினால் எல்லோருக்கும் எளிது என்று இருவரும் முடிவு செய்தார்கள். 1617-இல் 1 முதல் 1000 வரையிலான எண்களுக்கு 14 தசம இடம் வரை பிரிக்ஸ் அட்டவணை வெளியிட்டார். கைக்கணக்கில் அதைச் செய்த உழைப்பை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

தமிழ்ச் சொல், மடங்கு, மடக்கு என்ற குடும்பத்தோடு சேர்ந்தது. ஒரு தாளை ஒவ்வொரு முறை மடக்கும்போதும் கனம் இரு மடங்காகிறது. ஐந்து முறை மடக்கினால் 32 தாள் கனம். எத்தனை முறை மடக்கினோம் என்ற எண்தான் மடக்கை! கிரேக்கப் பெயரைவிட இது கணக்குக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். இதே சிந்தனை இந்தியாவில் பழையது. 9-ஆம் நூற்றாண்டுச் சமண அறிஞர் வீரசேனர், தவளா உரையில் ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை அர்த்தச்சேதம் என்ற பெயரில் கையாண்டார். 32-க்கு அது 5.

விதிகள் எல்லாம் இந்த ஒரே கேள்வியிலிருந்து வருபவை. 8 = 2³, 4 = 2². பெருக்கினால் அடுக்குகள் கூடும்: 8 × 4 = 2⁵. ஆகவே பெருக்கலின் மடக்கை, தனித்தனி மடக்கைகளின் கூட்டல். வகுத்தால் கழித்தல். ஓர் எண்ணின் அடுக்குக்குறி மடக்கைக்கு முன்னால் பெருக்கலாக இறங்கி வந்துவிடும். ஆனால் கூட்டலுக்கு விதியே இல்லை. 8 + 4-இன் மடக்கையை 3 + 2 என்று எழுதிவிடும் பிழை விடைத்தாள்களில் சாதாரணம். அப்படி எழுதினால் 12-இன் மடக்கை 5 என்று ஆகிவிடும். அது 32-க்கு உரியது.

சரி, ஒரு சமன்பாட்டைப் பார்ப்போம்.

மடக்கை₂ அ + மடக்கை₂ (அ − 2) = 3

பெருக்கல் விதிப்படி இரண்டையும் ஒன்றாக்கினால் மடக்கை₂ அ(அ − 2) = 3. அப்படியென்றால் அ(அ − 2) = 2³ = 8. அதாவது அ² − 2அ − 8 = 0. இதன் தீர்வுகள் 4, −2. இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் குறை எண் வராது, பூச்சியமும் வராது. அதனால் −2-ஐத் தள்ள வேண்டும். விடை 4. தொடக்கச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் 2 + 1 = 3, சரியாக இருக்கிறது. இரண்டு மடக்கைகளை ஒன்றாக்கும்போது இப்படிப் பொய்த் தீர்வு நுழைய இடம் உண்டு; சரிபார்ப்பதும் கணக்கின் பகுதிதான்.

தெரியாத எண் அடுக்கிலேயே உட்கார்ந்திருந்தால் மடக்கை இன்னும் உதவும். ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட பணம் எப்போது இரட்டிப்பாகும்? 1.08-ஐ ஆண்டு எண்ணிக்கைக்கு உயர்த்தினால் 2 வர வேண்டும். இரு பக்கமும் 10 அடிமான மடக்கை எடுத்தால் (1.08-க்கு 0.0334, 2-க்கு 0.3010), ஆண்டு × 0.0334 = 0.3010. வகுத்தால் ஏறத்தாழ 9 ஆண்டு.