அது பசியால் நாக்கை நீட்டவில்லை

திங்கட்கிழமை விடிகாலையில் கைபேசி அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்ன செய்துவிட்டுப் போனது என்பது அப்போதுதான் தெரியவரும். இந்த வாரமும் ஆறரை மணிக்குப் பணியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "மேடம், லட்சுமி நேத்து ராத்திரி வச்ச தழையத் தொடவே இல்ல. அசையும் போடல. சாணி வேற ஒரு மாதிரி இருக்கு."

லட்சுமி எங்கள் உயிரியல் பூங்காவின் 9 வயதுப் பெண் ஒட்டகச்சிவிங்கி. 'சாணி ஒரு மாதிரி' என்ற சொல்லைக் கேட்டதும் பாதி விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. 14 அடி உயரம் இருந்தாலும் ஒட்டகச்சிவிங்கி போடுவது ஆட்டுப் புழுக்கை மாதிரிதான், கொஞ்சம் பெரிதாக, தனித்தனி உருண்டைகளாக. அது மாட்டுச் சாணம் போலக் கூழாகக் கிடந்தால் வயிற்றுக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். போய்ப் பார்த்தால் வேலியோரம் வாழைப்பழத் தோல், பன் சுற்றிவந்த காகிதம், பாதி காலியான பிஸ்கட் பாக்கெட். மூன்று மாதத்தில் இது நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பூங்கா வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் டெல்டா கிராமங்களில் மாட்டு வைத்தியம் பார்த்திருக்கிறேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் ஓய்வு கிடையாது. பானைப் பொங்கலை ஆசை ஆசையாக ஊட்டிவிட்டு, மறுநாள் வயிறு உப்பிக் கிடக்கும் பசுவின் பக்கத்தில் கண் கலங்கி நிற்பார்கள். அரிசியும் வெல்லமும் மொத்தமாக உள்ளே போனால் மாட்டுக்கு என்ன ஆகும் என்று மாடு வளர்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: அது வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும், அசைபோடுவது நின்றுவிடும். ஒட்டகச்சிவிங்கியும் அசைபோடும் விலங்குதான். அதே நான்கு அறை வயிறு, அதே நோய். ஆனால் வைத்தியம் அதே வைத்தியம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், பார்வையாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்கு வருகிறேன். "பசிக்குது போல மேடம், நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டுச்சு."

அது கேட்கவில்லை. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். முன்பாதி கருநீலமாக இருக்கும். கென்யாவிலும் தான்சானியாவிலும் நமீபியாவிலும் குடை விரித்தாற்போல நிற்கும் வேல மரங்களுக்கு நடுவே வாழும் விலங்கு அது. அந்த மரங்களில் விரல் நீள முள் உண்டு. முள்ளுக்கு இடையில் நாக்கை நுழைத்து, கிளையை வளைத்து, உதட்டால் சின்னச் சின்ன இலைகளை உருவித் தின்ன வேண்டும். ஒரு வாய்க்குக் கிடைப்பது நாலு இலைதான். இப்படியே ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் தழை சேர்க்க வேண்டும் என்றால் எவ்வளவு நேரம் ஆகும்? விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி போய்விடும். மீதி நேரம் அசைபோட. அந்த நாக்கு நாள் முழுக்க வேலை செய்வதற்கென்றே இருப்பது.

பூங்காவில் என்ன நடக்கிறது? என்னதான் கிளை கட்டித் தொங்கவிட்டாலும், காட்டில் பத்து மணி நேரம் எடுக்கும் சாப்பாடு இங்கே சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வயிறு நிறைந்துவிடும், நாக்குக்கு வேலை தீராது. அது கம்பியை நக்கும், சுவரை நக்கும், பக்கத்தில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கியின் முதுகை நக்கும், வெறும் காற்றில் நாக்கைச் சுழற்றும். உலகம் முழுக்க அடைப்பில் வளரும் ஒட்டகச்சிவிங்கிகளிடம் இந்தப் பழக்கம் உண்டு. எங்களுக்கு இது கவலை தரும் அறிகுறி. இன்னும் தழை வேண்டும், இன்னும் மெதுவாகத் தின்னும்படி வைக்க வேண்டும் என்று அது எங்களுக்குச் சொல்கிறது. ஆல், அரசு, பலா, அகத்தி, சூபாபுல் என்று தேடித் தேடி வெட்டிவந்து, எளிதில் எட்டாத உயரத்தில் வலைக்குள் வைத்துக் கட்டுவது அதற்காகத்தான். அதே நாக்கைப் பார்த்து நீங்கள் 'பசி' என்று முடிவுகட்டிப் பன்னை நீட்டுகிறீர்கள். வயிறு நிறைந்த விலங்கின் வயிற்றில் மாவும் சர்க்கரையும் போய் இறங்குகிறது.

"பன் தப்புதான் மேடம், பழம் நல்லதுதானே? இலை தின்கிற ஜீவன்தானே?" இது அடுத்தது. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். இலை தின்னும் விலங்குக்கு இலைதான் உணவு. பழம் இன்னொரு உணவு. காட்டில் அது வேலங்காய் தின்னும், பூக்கும் காலத்தில் வேலம்பூவை விரும்பித் தின்னும். அவை எல்லாம் நார். நம் கடையில் தொங்கும் வாழைப்பழம் மனிதனின் நாக்குக்காகப் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது, அது முழுக்க மாவுச்சத்தும் சர்க்கரையும். ஒட்டகச்சிவிங்கி வயிற்றின் முதல் அறை, உடம்பின் அளவோடு ஒப்பிட்டால், மாட்டுக்கு இருப்பதைவிடச் சிறியது. மாடே தாங்காததை அது தாங்காது. ஒரு பழம் போட்டால் ஒன்றும் ஆகாதே என்பீர்கள். உங்கள் கணக்கில் அது ஒரு பழம். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலிக்கு வருபவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? ஒவ்வொருவரும் ஒன்றுதான் போடுகிறார்கள்.

அன்றே தெரியாமல் போகும் கேடுகளும் உண்டு. மாவுச்சத்து மிகுந்த தீவனம் தொடர்ந்து உள்ளே போனால் குளம்பின் உள்திசு வீங்கும். குளம்பு கோணலாக வளரும். ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். 1,000 கிலோ எடையுள்ள ஆண், வலியுடன் அந்தக் காலில் நிற்பதை ஒருமுறை பார்த்தால் போதும், அந்தப் பக்கம் யாரும் பிஸ்கட்டோடு போக மாட்டார்கள்.

"நைரோபியில் நாங்களே கையால் ஊட்டினோமே!" என்று படத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. உண்மைதான். அங்கே 1979இல் தொடங்கப்பட்ட ஒட்டகச்சிவிங்கி மையத்தில் மேடை மேல் நின்று ஊட்டலாம். ஊட்டுவது என்ன? ஊழியர்கள் கையில் கொடுக்கும் தீவன வில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன லட்டு அல்ல. அந்த விலங்குகள் சுற்றியிருக்கும் காட்டில் தழையும் மேய்கின்றன. என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களின் கையில் இருக்கிறது. அதைத்தான் நானும் கேட்கிறேன்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். மாட்டுக்கு இந்த நோய் வந்தால் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சோடா உப்பைக் கரைத்துப் புகட்டிவிடலாம். முற்றிவிட்டால் நின்ற நிலையிலேயே விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வயிற்றைத் திறந்து கையால் அள்ளி வெளியே போடலாம். தொழுவத்தில் வைத்தே செய்திருக்கிறேன். லட்சுமிக்கு யார் தலையைப் பிடிப்பது?

மயக்க ஊசி போடலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அஞ்சும் மயக்கங்களில் ஒன்று ஒட்டகச்சிவிங்கியின் மயக்கம். தலை இதயத்துக்கு மேல் ஏழடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ரத்தம் போய்ச் சேர அதன் இதயம் மனிதனைப் போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் அடிக்கிறது. மயக்கத்தில் அந்த ஏற்பாடு குலையும். சாயும்போது காலோ கழுத்தோ முறியலாம். விழுந்த பிறகு வயிற்றில் இருப்பது கழுத்து வழியாக வெளியேறி மூச்சுக்குழலில் இறங்கலாம். வயிறே பிரச்சினையாக இருக்கும் நேரத்தில் அந்த ஆபத்து இன்னும் கூடும். ஆப்பிரிக்காவில் ஒட்டகச்சிவிங்கிகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் மருத்துவர்கள், ஊசி போட்டுக் கயிற்றால் சாய்த்த உடனே மாற்று மருந்தைக் கொடுத்து மயக்கத்தைத் தெளிவித்துவிடுகிறார்கள். அப்புறம் கண்ணைக் கட்டி, கழுத்தின் மேல் நாலு பேர் உட்கார்ந்து, விழித்திருக்கும் விலங்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மயக்கத்தில் வைத்திருப்பதைவிட அது பாதுகாப்பானது. இப்போது சொல்லுங்கள், ஒரு சீப்பு வாழைப்பழத்துக்காக நான் அந்த ஊசியை எடுக்கட்டுமா?

எடுக்கவில்லை. தானியம் கலந்த அடர்தீவனத்தை நிறுத்தினோம். குதிரை மசால் என்னும் தீவனப் பயிரைக் காயவைத்ததும் அவளுக்குப் பிடித்த பலா இலையும் மட்டும் வைத்தோம். குடிநீரில் சோடா உப்பைக் கலந்து வைத்தோம். வலிக்கான மருந்தை ஊதுகுழல் வழியாக ஊசியில் செலுத்தினேன். பிறகு காத்திருப்பதுதான். செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு மணிக்கு அவளுடைய கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. அசைபோடும் உருண்டை அந்தக் கழுத்தில் ஏறுவது வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும். பணியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சு மேடம், வந்துடுச்சு" என்றார். இருபது வருடமாக ஒட்டகச்சிவிங்கிகளோடு இருப்பவர், அழுதுவிட்டார். லட்சுமி பிழைத்தாள். இதற்கு முந்தைய மூன்றில் ஒன்று பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையை நான்தான் செய்தேன். அதைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை.

இவ்வளவு தாமதமாகத்தான் எங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்கலாம். மாடு வலித்தால் கத்தும், பல்லைக் கடிக்கும். ஒட்டகச்சிவிங்கி ஊமை என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. கன்று கத்தும், பெரியவை சீறும், செருமும். ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களில் இரவு முழுக்கப் பதிவு செய்து பார்த்தபோது, தாழ்ந்த குரலில் முனகுவது போன்ற ஒலி கேட்டதை 2015இல் வெளியிட்டார்கள். ஆனால் வலியைச் சொல்லக் கத்துவதில்லை. சிங்கம் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டில் பிறந்த இனம், நோவைக் காட்டிக்கொடுத்தால் உயிர் போய்விடும். கடைசிவரை நின்றுகொண்டே இருக்கும். நமக்குத் தெரிவதற்குள் ஒரு இரவு கடந்துவிடுகிறது.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2012இல் இந்தோனேசியாவின் சுரபயா உயிரியல் பூங்காவில் ஒரு ஒட்டகச்சிவிங்கி இறந்தது. வயிற்றைத் திறந்தபோது, பார்வையாளர்கள் வருடக்கணக்கில் வீசிய தின்பண்ட உறைகள் ஒன்றாகச் சுருண்டு பெரிய பந்தாகக் கிடந்தன. எடை ஏறக்குறைய 20 கிலோ. உறை உப்பாகவும் இனிப்பாகவும் இருக்கும், நாக்கு அதை விடாது. உள்ளே போனது வெளியே வராது.

இன்னொன்று, பிள்ளைகள். அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்து பிள்ளை கையை நீட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2024இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வண்டிக்குள் இருந்தபடியே தீவனம் கொடுக்க அனுமதிக்கும் ஒரு வனவிலங்கு மையத்தில், தீவனப் பையைப் பற்றிய ஒட்டகச்சிவிங்கி கூடவே இரண்டு வயதுக் குழந்தையையும் சட்டையோடு மேலே தூக்கிவிட்டது. தாய் கத்தினாள், குழந்தை தாயின் கையில் விழுந்தது, நல்லவேளை காயமில்லை. அந்தக் காட்சியை என் உறவினர்களே சிரிப்புப் படத்தோடு எனக்கு அனுப்பினார்கள். அது விளையாடவில்லை, கெடுதலும் நினைக்கவில்லை. பையை இழுத்தது, அவ்வளவுதான். அந்தக் கழுத்துக்கு ஒரு குழந்தை எடையே இல்லை. ஆண்கள் தங்களுக்குள் சண்டை போடும்போது தலையைச் சம்மட்டி போல வீசி ஒன்றையொன்று சாய்க்கும். தாய் உதைத்தால் சிங்கம் சாகும். சாது என்ற பெயரை நம்பி வேலியைத் தாண்டிக் கை நீட்ட வேண்டாம்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். பூங்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் சாப்பிடும் இடத்திலேயே தின்று முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். கையில் பை இருந்தால் மூடி வையுங்கள், ஒட்டகச்சிவிங்கிக்கு உங்கள் பை தெரியும் உயரம் உண்டு. வேலியோரம் மரத்திலிருந்து இலை பறித்துப் போடாதீர்கள், எங்கள் வளாகத்தில் அரளியும் இருக்கிறது, உங்களுக்கு எது எதுவென்று தெரியாது. பிள்ளையைத் தோளில் தூக்குங்கள், வேலியிலிருந்து தள்ளி நின்று தூக்குங்கள். ஆசிரியர்களே, பேருந்திலேயே சொல்லிவிடுங்கள், வேலிக்கு வந்தபின் நாற்பது பிள்ளைகளை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. பூங்கா விலங்குக்குத் தீனி போடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவில் தடை செய்யப்பட்டது. நான் சட்டத்தைக் காட்டி மிரட்ட விரும்பவில்லை. ஆனால் பலகையில் அதை எழுதிவைத்திருக்கும்போது அதன் மேலேயே சாய்ந்து நின்று பழம் உரிக்காதீர்கள்.

இவற்றைப் பாதுகாக்க வேண்டிய காரணம் பூங்கா வேலிக்குள் முடியவில்லை. 1980களில் ஆப்பிரிக்கா முழுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த ஒட்டகச்சிவிங்கிகள் 2015க்குள் ஒரு லட்சத்துக்கும் கீழே குறைந்தன. அடுத்த வருடமே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை அழியும் ஆபத்துள்ள பட்டியலில் வைத்தது. ஒரு கன்று வயிற்றில் 15 மாதம் இருக்கும். பிறந்தால் பெரும்பாலும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. நீங்களோ உங்கள் பிள்ளையோ ஏற்கெனவே போட்டுவிட்டால், அல்லது பக்கத்தில் நின்றவர் போடுவதைப் பார்த்தால், நழுவிப் போய்விடாதீர்கள். பச்சைச் சட்டை போட்ட எந்தப் பணியாளரிடமும் சொல்லுங்கள். போன மாதம் ஒரு அம்மா வாசல்வரை போனவர் திரும்பிவந்து, "என் பையன் ரெண்டு பாக்கெட் பிரெட் போட்டுட்டான், அரை மணி நேரம் ஆச்சு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று மாலையே தீவனத்தை நிறுத்தினோம், இரவு முழுக்கக் கவனித்தோம், ஒன்றும் ஆகவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. உங்களையும் கேட்க மாட்டேன், திட்டவும் மாட்டேன். என்ன போட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால் போதும்.