இணைந்த கணிதமும் இணைந்து படிப்பதும்

இலங்கையில் உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது கணிதப் பிரிவுப் பிள்ளைகள் ரியூசன் முடிந்த கையோடு வீட்டுக்குப் போவதில்லை. நூலகத்திலோ யாராவது ஒருவரின் வீட்டு விறாந்தையிலோ நான்கைந்து பேர் கூடி, இணைந்த கணிதப் பாடத்தின் பழைய வினாத்தாள்களோடு குந்திவிடுவார்கள். ஒருவருக்கு வகையிடல் நன்றாக வரும், இன்னொருவருக்கு நிலையியல். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார். இதைப் பார்த்துச் சில பெற்றோர் கவலைப்படுவதும் உண்டு: "என்ர பிள்ளை மற்றப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சே தன்ர நேரத்தை வீணாக்குது." கற்றல் பற்றிய உளவியல் ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர்மாறு. அந்த விறாந்தையில் கூடுதல் லாபம் பெரும்பாலும் விளக்குகிற பிள்ளைக்குத்தான்.

ஏன் என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். சமனிலிகளில் பலரும் சறுக்குகிற இடம் இது: 3-ஐ (எக்ஸ் − 2)-ஆல் வகுத்தால் வருவது 1-ஐ விடப் பெரிது. எக்ஸ் எந்தப் பெறுமானங்களை எடுக்கலாம்? ஒருத்தி கொப்பியைப் பார்க்காமல் செய்துகாட்டத் தொடங்குகிறாள். இரண்டு பக்கத்தையும் (எக்ஸ் − 2)-ஆல் பெருக்கினால் எக்ஸ் − 2 ஆனது 3-ஐ விடச் சிறிது. ஆகவே எக்ஸ் 5-ஐ விடச் சிறிது. பக்கத்தில் இருப்பவள் கேட்கிறாள்: "அப்ப எக்ஸ் பூச்சியம் எண்டால்?" போட்டுப் பார்த்தால் மறை ஒன்றரை வருகிறது. அது 1-ஐ விடப் பெரிதில்லை. எங்கேயோ பிழைத்திருக்கிறது.

(எக்ஸ் − 2) மறையாக இருந்தால் சமனிலியின் குறி திரும்பும் என்பது செய்துகாட்டியவளுக்குத் தெரியாத விஷயமில்லை. வகுப்பில் எத்தனையோ தரம் கேட்டதுதான். கொப்பியில் 'இரு பக்கமும் வர்க்கத்தால் பெருக்குக' என்ற வரியும் இருக்கிறது. ஏன் வர்க்கம் என்று ஒருநாளும் கேட்காமல் அதைப் பார்த்தெழுதி வைத்திருந்தாள், அவ்வளவுதான். வர்க்கம் மறையாகாது, அதனால் குறி திரும்புமோ என்ற பயம் இல்லை. அப்படிப் பெருக்கிச் சுருக்கினால் (எக்ஸ் − 2)(5 − எக்ஸ்) பூச்சியத்தை விடப் பெரிது என்று வரும். விடை 2-க்கும் 5-க்கும் இடையில். இனி இந்த வரி அவளுக்கு மறக்காது.

இந்தச் சில நிமிடங்களில் மூளையில் நடந்தவை இரண்டு. முதலாவது, நினைவிலிருந்து எடுப்பது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்பவும் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை மாறிவிட்டது: அவர்களுக்கு 42 சதவீதம் ஞாபகம் இருந்தது, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம். ஒரு விஷயத்தை நினைவிலிருந்து சிரமப்பட்டு எடுக்கும்போது, அதை அடுத்த தரம் எடுப்பதற்கான வழி பலப்படுகிறது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் பழகினதாகத் தோன்றும். அந்தப் பழக்கத்தைத்தான் நாம் விளங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். நண்பிக்குச் சொல்லிக்கொடுப்பது, வேறு பெயரில், மூடிய கொப்பிப் பரீட்சை.

இரண்டாவது, கணக்கின் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே உள்ள 'ஏன்'. மிஷெலின் சி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், நியூட்டனின் விதிகளைப் பயன்படுத்திச் செய்துகாட்டப்பட்ட கணக்குகளை மாணவர்கள் சத்தமாக யோசித்தபடி படித்தார்கள். பிறகு நன்றாகக் கணக்குச் செய்தவர்கள், படிக்கும்போதே ஒவ்வொரு படியும் எங்கிருந்து வந்தது என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் எல்லாம் விளங்கியது என்று நினைத்துக்கொண்டு கடந்து போனவர்கள். தனியாக இருக்கும்போது நம்மை நாமே ஏமாற்றுவது சுலபம். எதிரில் ஒருவர் இருந்து "அது எப்படி வந்தது?" என்று கேட்டால் அந்த வேலை நடக்காது.

அப்படியானால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு? அங்கேதான் சிக்கல். குழுவாகக் கணக்குப் படிக்கும் பிள்ளைகளை நெடுங்காலம் ஆராய்ந்த நொரீன் வெப், விரிவாக விளக்கம் கொடுத்தவர்கள் முன்னேறுவதைக் கண்டார். உதவி கேட்டு, வெறும் விடையை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் முன்னேறவில்லை. செய்த கணக்கைப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுவதை நம் பிள்ளைகள் உதவி என்கிறார்கள். என்னைக் கேட்டால், வாங்கியவருக்கும் அனுப்பியவருக்கும் அதில் ஒன்றும் மிஞ்சாது.

வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைதான் விளக்க வேண்டும் என்றும் இல்லை. 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு மாணவி ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மனதில் நினைத்து மேசையில் விரலால் தட்ட வேண்டும். கேட்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் சரியாகச் சொல்லப்பட்டவை வெறும் 3. தட்டியவரின் தலைக்குள் இசை முழுதாக ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டக்கு டக்கு மட்டுமே. கெட்டிக்காரர் "இது தெரிந்ததுதானே" என்று தாண்டிப் போகும் படி எது என்பது, போன கிழமைதான் அதில் மாட்டி மீண்டவருக்குத் தெரியும்.

இன்னும் ஆச்சரியமான ஒன்று உண்டு. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் செய்யப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், கலந்து பேசுவதற்கு முன் குழுவில் ஒருவருக்குக்கூடச் சரியான விடை தெரியாத இடங்களிலும், பேசியபின் அதே மாதிரியான புதுக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக மேலும் சரியாக விடை சொன்னார்கள். தெரியாதவரும் தெரியாதவரும் வாதாடினாலே பிழையான வழிகள் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்கிவிடுகின்றன.

போட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது, அது மற்றவர்களோடு ஒப்பிட்டு வருவது, ஆகவே நண்பனுக்கு உதவினால் நமக்கு நட்டம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தீவு முழுவதும் எழுதுகிற ஆயிரக்கணக்கானோரின் சராசரியை உங்கள் நண்பன் ஒருவன் அசைக்கப் போவதில்லை. அவனுக்கு விளக்கியதால் உங்களுக்குக் கூடும் புள்ளிதான் பெரிது.

சரி, கூடியிருந்து எதைச் செய்வது? அலகு அலகாகச் செய்வதைவிடக் கலந்து செய்வதே நல்லது. ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகப் பிரித்தும் மற்றது கலந்தும் செய்தது. பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்களுக்கு 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முறையே 20, 63. கலந்து வரும்போது எந்தச் சூத்திரம் என்று முதலில் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது, பரீட்சையிலும் அதுதான் பாதி வேலை. நண்பர்கள் கண்டபடி வினாக்களைப் பொறுக்கி ஒருவர்மேல் ஒருவர் எறிவது இதற்கு நல்ல வழி.

ஒரு வேலையை மட்டும் தனியாகத்தான் செய்ய வேண்டும்: இணைந்த கணித வினாத்தாளை முழுதாக எழுதிப் பார்ப்பது. முதலாம் பத்திரம் 3 மணித்தியாலம், இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். ஒவ்வொன்றிலும் பகுதி ஏ-யில் 10 வினாவும் கட்டாயம், பகுதி பி-யில் 7-இல் 5. மணிக்கூட்டை வைத்து முழுதாக எழுதி முடித்த பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, புள்ளித் திட்டத்தை வைத்து ஒருவர் மற்றவருடையதைத் திருத்தலாம். அடுத்தவரின் தாளில் எந்தப் படிக்குப் புள்ளி, எந்த வரியைத் தாண்டியதால் புள்ளி போயிற்று என்று தேடும்போது, அதே வரியைத் தானும் எழுதாமல் விட்டது திருத்துகிறவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.