மேலே நிற்கும் அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, பினாங்கு ஜெலுத்தோங்கில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஓர் அக்கா வந்தார். இரண்டு கையிலும் விரல் இடுக்குகள் சிவந்திருந்தன. "கை எரியுதும்மா, ஏதாச்சும் களிம்பு குடு" என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து ஓர் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே சோப்பு. தங்கை பிள்ளை பெற்றிருக்கிறாளாம், குழந்தைக்குக் கடைச் சோப்பு வேண்டாம் என்று வீட்டிலேயே செய்திருக்கிறார்.

களிம்பு பிறகு, முதலில் கையைக் கழுவுங்கள் என்று பின்னால் இருந்த குழாயடிக்கு அழைத்துப் போனேன். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். சோப்பு செய்யச் சேர்க்கும் காஸ்டிக் சோடா தோலை அரிக்கும் காரம். காரம் பட்ட தோலுக்கு அதுதான் முதல் மருந்து. வினிகரோ எலுமிச்சையோ தேய்க்கக் கூடாது. புளிப்பும் காரமும் சேரும்போது சூடு கிளம்பி புண்ணை இன்னும் கெடுக்கும். கண்ணில் தெறித்திருந்தால் அங்கேயே கழுவத் தொடங்கி, கழுவியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் கையுறை போட்டு டப்பாவைத் திறந்தேன். மேலே எண்ணெய்ப் பிசுக்கு. கத்தியால் கீறினால் நடுவில் சின்னச் சின்னக் குழிகள், அவற்றில் பளபளவென்று ஈரம். அடியில் மாவு போல வெள்ளைப் படிவு. எண்ணெயும் காரநீரும், அதாவது காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரும், ஒன்றோடொன்று கலக்காமலே உறைந்திருந்தன. மர அகப்பையால் பத்து நிமிடம் கிண்டினாராம். பாமாயிலைக் கையால் கிண்டினால் சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். இழுத்த கோடு மேலே மறையாமல் நிற்கும் பதம் வருமுன்னே அச்சில் ஊற்றிவிட்டார்.

இதுவரை நடந்தது சரிசெய்யக்கூடிய தவறுதான். "மறுநாள் மேல தண்ணி நின்னுச்சு. தண்ணிதானேன்னு கறிவேப்பிலைத் தொட்டியில ஊத்திட்டேன்" என்றார். அங்கேதான் காரியம் கைமீறிப் போனது.

அது தண்ணீர் இல்லை. சோப்பாக மாறாமல் மிஞ்சிய காரநீர். கறிவேப்பிலைச் செடி இரண்டு நாளில் கருகியது என்று அவரே பிறகு சொன்னார். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் இன்ன அளவுக்கு இன்ன அளவு என்று சேர்ந்தால்தான் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டால், டப்பாவில் எண்ணெய் எவ்வளவு மிஞ்சியது, காரம் எவ்வளவு மிஞ்சியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓரிடத்தில் வெறும் எண்ணெய், பக்கத்துத் துண்டில் தோலைத் தின்னும் காரம். குழந்தையின் தோலுக்கு இதைக் கொண்டுபோகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணி துவைக்கலாமா என்று கேட்டார். காரம் எந்தத் துண்டில் இருக்கிறது என்று தெரியாதபோது அதற்கும் வேண்டாம் என்றேன். அந்தச் சோப்பைக் காப்பாற்ற முடியவில்லை.

கொட்டாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். பிரிந்து நிற்கும் நீர், எண்ணெய், கட்டி எல்லாவற்றையும் ஒரு சொட்டு விடாமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கோ ஸ்லோ குக்கரின் பீங்கான் பானைக்கோ மாற்றி, மெல்லிய சூட்டில் உருக்கி, ஸ்டிக் பிளெண்டரால் ஒன்றாகும்வரை அடித்தால் போதும். எடை சரியாக இருந்த சோப்புக்கு வேறு வைத்தியம் தேவையில்லை. அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். நம் வீடுகளில் பழைய சட்டிகள் பாதி அலுமினியம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே வாரம் ஆயர் ஈத்தாமிலிருந்து இன்னொருவர் வந்தார், இளம்பெண். அவர் சோப்பு பிரியவில்லை. நேர்மாறாகச் சுண்ணாம்புக் கட்டி போல இறுகி, வெட்டினால் நொறுங்கியது. ஈர விரலால் தடவி நாக்கு நுனியில் வைத்ததும் சுரீர் என்றதாம், பேட்டரியை நக்கியது போல. காரம் மிஞ்சிய சோப்புக்கு அதுதான் அடையாளம். கண்ணுக்கே ஈரக்குழியும் வெள்ளைப் படிவும் தெரிகிற சோப்பில் மட்டும் தயவுசெய்து நாக்கை வைக்காதீர்கள்.

இந்தப் பெண் கையில் ஒரு காகிதம் இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தார்: தேங்காய் எண்ணெய் 500, பாமாயில் 500, காஸ்டிக் 154, தண்ணீர் 330. எல்லாம் கிராம் என்றால் கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், பாமாயிலுக்கு 0.142. இரண்டையும் கூட்டினால் 162 கிராமுக்குச் சற்று மேல். தோலுக்கு இதமாகக் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று அதில் 5 சதவீதம் குறைத்தால் 154. அப்படியானால் எங்கே தவறு?

"எண்ணெயை எதில் அளந்தாய்?" என்றேன். "ஜக்கில், மிஸ்." காஸ்டிக்கைத் தராசில் நிறுத்தவர், எண்ணெயை ஜக்கின் கோட்டில் அளந்திருக்கிறார். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 500 மில்லி தேங்காய் எண்ணெய் தராசில் 460 கிராம்தான் நிற்கும், பாமாயில் 455 போல. ஆக 85 கிராம் எண்ணெய் குறைந்துவிட்டது. இருந்த எண்ணெய் அத்தனையும் சோப்பான பிறகும் 5 கிராமுக்கு மேல் காஸ்டிக் தனியாக நின்றது. நம் ஊரில் பாமாயில் பாக்கெட் கிலோ கணக்கில் வருகிறது, தேங்காய் எண்ணெய் போத்தல் மில்லி கணக்கில் வருகிறது. இரண்டையும் ஒரே ஜக்கில் ஊற்றிக் குழம்புபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாள் இருந்ததால் வைத்தியம் சுலபமானது. குறைந்த 40 கிராம் தேங்காய் எண்ணெயையும் 45 கிராம் பாமாயிலையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்து, கேரட் துருவியில் சோப்பைத் துருவச் சொன்னேன். துருவலை ஸ்லோ குக்கரில் மிகக் குறைந்த சூட்டில் வைத்து, 50 மில்லி போலத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால், முதலில் உதிரியாக நிற்கும். பிறகு ஓரங்கள் கண்ணாடி போலத் தெளியும். அப்போது அளந்த எண்ணெயை ஊற்றிக் கிளற வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் உளுத்தங்களி பதத்துக்கு வரும். அவசரப்பட்டு மைக்ரோவேவில் வைத்தால் பொங்கி வழியும். அச்சில் அடைத்து இரண்டு நாள் கழித்து மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தார். சுரீர் இல்லை. பார்வைக்குக் கரடுமுரடுதான், உருக்கி எடுத்த சோப்பு வழவழப்பாக வராது. நான்கு வாரம் மின்விசிறிக் காற்றில் காயவிடச் சொன்னேன். பினாங்கு ஈரப்பதத்துக்கு அதற்குக் குறைத்தால் குளியலறையில் கரைந்தே போகும்.

காரம் மிஞ்சினால் எலுமிச்சை பிழியலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அளவு கூடினால் புளிப்பு சோப்பையே உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கிவிடும். ஒரு மாதம் வைத்தால் காரம் தானே போய்விடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. மேற்பரப்பில் கொஞ்சம் காற்றோடு சேர்ந்து சோடாச் சாம்பலாகலாம், உள்ளே இருப்பது இருக்கும். நம் பாட்டிமார் சோப்பைச் சவுக்காரம் என்றார்கள். காரம் பெயரிலேயே இருக்கிறது.

இன்னொரு பக்கம், கெடாத சோப்பைக் கெட்டதென்று உருக்குபவர்களும் உண்டு. சுவை சோதனையில் தேறிய சோப்பின் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்தால் அது சோடாச் சாம்பல், துடைத்துவிடலாம். மழை நாளில் முத்து முத்தாக வியர்த்தால் கிளிசரின் காற்றிலிருந்து ஈரம் இழுக்கிறது, அவ்வளவுதான். ஆரஞ்சுப் புள்ளி வந்து சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டிருக்கிறது. அதை உருக்கியும் பயனில்லை.

காஸ்டிக் சோடாவையும் இந்த ஈரம் விடாது. மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்து நீரும் கரியமில வாயுவும் ஏறி வீரியம் குறையும். பிறகு சரியாக நிறுத்தாலும் சோப்பு கொழகொழவென்றே நிற்கும். மீதிக் காரநீரைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தெளிந்த காரநீர் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது தொண்டையை இரண்டாம் முறை சுடும். உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள். இங்கே நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. நஞ்சு பற்றித் தொலைபேசியில் வழிகாட்டுவார்கள்.

உருக்கிச் சரிசெய்த சோப்பை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். குளியல் சோப்பு இங்கே ஒப்பனைப் பொருள் கணக்கில் வருகிறது, விற்பதற்கு முன் மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்க வேண்டும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்றாலும் அதே விதிதான்.

அந்த ஆயர் ஈத்தாம் பெண் போன வாரம் காய்ந்த சோப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அடுப்படி அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தல். லேபிளுக்குக் கீழே மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: 500 மில்லி, 460 கிராம்.