ராயல்டி ஏன் தேய்கிறது? டெக்சாஸ் பாறைக்குள் நடப்பது என்ன?

ஹூஸ்டனில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. மேற்கு டெக்சாஸில் அவர் வாங்கிய நிலத்தோடு கனிம உரிமையும் சேர்ந்து வந்திருக்கிறது. எண்ணெய் கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்துக் கிணறு தோண்டியது. முதல் சில மாதங்கள் கை நிறைய ராயல்டி (எடுக்கும் எண்ணெயில் உரிமையாளருக்கு வரும் பங்கு) வந்தது. ஒரு வருடம் கழிந்ததும் அதில் பாதிகூட வரவில்லை. எண்ணெய் விலையோ பெரிதாக இறங்கவில்லை. "கம்பெனி ஏமாற்றுகிறதா?" என்று கேட்கிறார்.

ஏமாற்றே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது பாறையை.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் டெல்டாவில் ஒருவர் வயலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தால் அதற்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகும். நிலத்துக்காரருக்கு மேல்நிலத்துக்கான இழப்பீடு மட்டுமே. அமெரிக்காவில் தனியார் நிலத்தின் அடியில் இருக்கும் கனிமமும் தனியார் சொத்து. அதைத் தனியாகப் பிரித்து விற்கலாம். அதனால் மேலே ஒருவர் மாடு மேய்க்க, கீழே உள்ள எண்ணெய் இன்னொருவர் பெயரில் இருப்பது அங்கே சாதாரணம். உரிமையாளர் குத்தகையில் கையெழுத்துப் போடும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்பணம் கிடைக்கும். பிறகு எடுக்கும் எண்ணெயில் ஒரு பங்கு வரும். அந்தக் காலத்தில் எட்டில் ஒரு பங்கு வழக்கம். இப்போது டெக்சாஸில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்றுகூட உண்டு. தோண்டும் செலவு முழுவதும் கம்பெனியுடையது.

ஆனால் எண்ணெய்க்கு வேலி தெரியாது. பூமிக்கு அடியில் அது ஏரி மாதிரித் தேங்கி நிற்கவில்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. ஓரிடத்தில் கிணறு தோண்டினால் அங்கே அழுத்தம் குறைகிறது, நாலா பக்கமும் இருந்து எண்ணெய் அதை நோக்கி நகர்கிறது. அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். பாறையின் ஊடுபுகுதன்மை, அதாவது திரவத்தைத் தன் வழியே ஓடவிடும் திறன், குறைந்தால் ஓட்டமும் குறையும். இதன் அடிப்படை விதியை பிரான்சின் டிஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணலுக்குள் தண்ணீரை ஓடவிட்டுக் கண்டறிந்து 1856-ல் வெளியிட்டார்.

பக்கத்து நிலத்து எண்ணெய் என் கிணற்றுக்கு வந்தால் அது யாருடையது? 1889-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் எண்ணெயையும் எரிவாயுவையும் காட்டு விலங்கோடு ஒப்பிட்டது. எடுத்தவனுக்கே சொந்தம் என்ற விதி வேரூன்றியது. விளைவு, அண்டை வீட்டுக்காரன் உறிஞ்சுவதற்கு முன் நான் உறிஞ்ச வேண்டும் என்ற போட்டி. கிழக்கு டெக்சாஸில் 1930-ல் பெரும் எண்ணெய்வயல் கண்டுபிடிக்கப்பட்டதும், கில்கோர் ஊருக்குள் சுமார் ஒரு ஏக்கரில் 24 கோபுரங்கள் எழுந்தன. 1931-ல் விலை தரைமட்டமாகி, ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் வயலுக்குப் படையை அனுப்ப வேண்டியதாயிற்று. விலை வீழ்ச்சியைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருந்தது அடிநிலத்து நீரின் அழுத்தம். அவசரமாக இழுக்க இழுக்க அந்த அழுத்தம் வீணாகும், எடுத்திருக்கக்கூடிய எண்ணெய் பாறைக்குள்ளேயே தங்கிவிடும்.

அதன் பிறகுதான் கிணறுகளுக்கு இடைவெளி, உற்பத்திக்கு உச்சவரம்பு என்று டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷன் கடுமை காட்டியது. (எண்ணெயையும் எரிவாயுவையும் கட்டுப்படுத்தும் அமைப்புக்கு அங்கே அதுதான் பெயர்.) பல நிலங்களை ஒரே அலகாகச் சேர்க்கும் முறையும் வந்தது. எண்ணெய் யார் நிலத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று சொட்டுச் சொட்டாக அளக்க முடியாது. ஆகவே ஏக்கர் கணக்கில் பிரிக்கிறார்கள். 640 ஏக்கர் அலகில் உங்களுக்கு 40 ஏக்கர், ராயல்டி ஐந்தில் ஒன்று என்றால் உங்கள் பங்கு 0.0125. மாதம் 10,000 பீப்பாய், பீப்பாய் 70 டாலர் என்றால் 8,750 டாலர். இதிலிருந்து மாநில உற்பத்தி வரி கழியும்: எண்ணெய்க்கு 4.6 சதவீதம், எரிவாயுவுக்கு 7.5 சதவீதம்.

சரி, அந்த 10,000 ஏன் அப்படியே நிற்பதில்லை? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

பல ஆயிரம் அடி ஆழத்தில், வளிமண்டலத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில், எரிவாயு எண்ணெய்க்குள் கரைந்தே இருக்கிறது. கோலி சோடாவுக்குள் வாயு கரைந்திருப்பது போல. கிணறு திறந்ததும் அழுத்தம் இறங்குகிறது. ஒரு எல்லை வரை திரவமும் பாறையும் லேசாக விரிந்து எண்ணெயைத் தள்ளுகின்றன. எல்லைக்குக் கீழே போனதும் குமிழிகள் பிறக்கின்றன. சோடாவில் குமிழி உடனே மேலே ஓடிவிடும். பாறையின் நுண்துளையில் அது முடியாது. தொடக்கத்தில் ஒவ்வொரு குமிழியும் பிறந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு வீங்குகிறது, வீங்கும்போது எண்ணெயைக் கிணற்றுப் பக்கம் தள்ளுகிறது. இந்தக் கட்டம் வரை வாயு நமக்கு வேலை செய்கிறது. பிறகு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தொடர்ச்சியான பாதை உண்டாகிறது. வாயுவின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, எண்ணெயைவிடப் பல மடங்கு குறைவு. அது எண்ணெயை முந்திக்கொண்டு ஓடுகிறது. தள்ள வேண்டிய ஆற்றலே தப்பித்துப் போக, எண்ணெய் பின்தங்குகிறது. அதனால்தான் பல கிணறுகளில் எண்ணெய் குறையும்போது, பீப்பாய்க்கு இவ்வளவு என்ற வாயுவின் அளவு மட்டும் ஏறுகிறது.

மேற்கு டெக்சாஸின் ஷேல் பாறையில் (களிமண் இறுகி உருவான நுண்துளைப் பாறை) இன்னொன்றும் சேர்கிறது. அதன் ஊடுபுகுதன்மை நல்ல மணற்பாறையில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கும் இறங்கக்கூடியது. ஆகவே நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குகிறார்கள். விரிசலை ஒட்டிய எண்ணெய் வேகமாக வந்துவிடும். அடுத்து வரவேண்டியது தொலைவிலிருந்து, மேலும் தொலைவிலிருந்து. கணக்குப் போட்டால் உற்பத்தி ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது: முதல் மாதத்தில் வந்தது நான்காம் மாதத்தில் பாதி, பதினாறாம் மாதத்தில் கால். எல்லாக் கிணறும் கறாராக இப்படி நடக்காது, ஆனால் வளைவின் உருவம் இதுதான். முதலில் செங்குத்துச் சரிவு, பிறகு பல வருடங்களுக்கு நீளும் மெலிந்த வால்.

இந்த அறிவு சும்மா வரவில்லை. ஷேலைப் பெரிய கம்பெனிகள் பொருட்படுத்தாத 1970-களில், அமெரிக்க அரசு 1976-ல் கிழக்கு மாநிலங்களின் ஷேல் எரிவாயு ஆய்வைப் பொதுப்பணத்தில் தொடங்கியது. உடனடி லாபம் தராத ஆய்வுக்கு அரசு செலவழிக்கக் கூடாது என்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது. டெக்சாஸிலும் ஒரு காலத்தில் குச்சியைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் பார்த்தவர்கள் இருந்தார்கள். நம் ஊரில் இன்றும் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்து போர்வெல் போடுகிறோம். போர்வெல்லுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி நிலத்தடிப் பாறை மாதிரிகளைப் படிக்கும் ஆய்வகங்களுக்குப் போனால் எத்தனை விவசாயிகளின் கடன் மிச்சமாகும்!

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ரயில்ரோடு கமிஷன் மாதாந்திர உற்பத்தியை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது. எண்ணெய்க்குக் குத்தகை வாரியாக, எரிவாயுவுக்குக் கிணறு வாரியாக. செக்கோடு வரும் விவரத்தாளில் உள்ள பீப்பாய் எண்ணிக்கையை அதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரிவு பாறையினுடையது. விவரத்தாளில் எரிவாயுவுக்கான தொகை மிகச் சிறியதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்: குழாய்வழி போதாததால் மேற்கு டெக்சாஸின் வாஹா சந்தையில் எரிவாயு விலை 2024-ல் பல நாட்கள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. கவனமாகப் பார்க்க வேண்டியது வாயுவைச் சேகரிக்க, அழுத்த, சுத்திகரிக்க என்று பிடித்தம் செய்யும் தொகைகளைத்தான். அவற்றை உங்கள் பங்கிலிருந்து கழிக்கலாமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட குத்தகையின் வாசகத்தைப் பொறுத்தது. அந்தப் பக்கத்தை எடுத்து ஒரு எண்ணெய்-எரிவாயு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.