டாலர் நாணயங்களில் அச்சுப் பிழை: மதிப்பு எங்கிருந்து வருகிறது?

மதிப்பீட்டுக்காக என்னிடம் வரும் அமெரிக்க ஒரு டாலர் நாணயங்களோடு, பெரும்பாலும் இணைய விற்பனைப் பக்கம் ஒன்றின் படமும் கைபேசியில் வந்து சேர்கிறது. அதே நாணயத்துக்குப் பல்லாயிரம் டாலர் கேட்கப்பட்டிருக்கும். விற்பவர் கேட்கும் விலை நாணயத்தின் மதிப்பு ஆகாது. ஏலத்தில் அது உண்மையில் கைமாறிய விலையை மட்டுமே நாங்கள் கணக்கில் கொள்கிறோம்.

அதற்கும் முன்னதாக ஒரு கேள்வி இருக்கிறது. கண்ணில் படும் குறை நாணயச்சாலையின் எந்தப் படிநிலையில் நேர்ந்திருக்க முடியும்? உலோகத் தகட்டை வெட்டும்போதா, இரு அச்சுகளுக்கிடையே அழுத்தும்போதா, விளிம்பில் எழுத்துப் பொறிக்கும்போதா? மூன்றில் எதிலும் பொருந்தாத குறை, நாணயம் வெளியே வந்த பிறகு ஏற்பட்ட சேதம். அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாக எதுவும் கொடுப்பதில்லை.

2007-இல் தொடங்கிய குடியரசுத் தலைவர்கள் வரிசை நாணயங்களில் இது தெளிவாக விளங்கும். ஆண்டு, நாணயச்சாலைக் குறி, நாட்டின் முழக்க வாசகங்கள் ஆகியவற்றை முகப்பில் இடாமல், இரு பக்கங்களும் அச்சாகிய பின் தனி இயந்திரத்தில் விளிம்பில் பொறித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று வெளியான ஜார்ஜ் வாஷிங்டன் நாணயங்களில் பல்லாயிரக்கணக்கானவை அந்த இயந்திரத்துக்குள் போகாமலேயே வங்கிகளை அடைந்தன. அவற்றில் ஆண்டும் இல்லை, எந்தச் சாலையில் அச்சானது என்ற குறியும் இல்லை; 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகமும் விளிம்பில்தான் இருந்ததால், செய்தித்தாள்கள் அவற்றைக் 'கடவுள் இல்லாத டாலர்' என்று எழுதின. (2009 முதல் அவ்வாசகம் முகப்புக்கு மாறியது.) முதல் வாரங்களில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போன வெற்று விளிம்பு நாணயத்தின் விலை, மேலும் மேலும் கண்டெடுக்கப்பட்டதும் சில பத்து டாலருக்கு இறங்கியது. பிழை உண்மையானதுதான், ஆனால் அது ஏராளமாகக் கிடைத்தது. அதே ஆண்டின் ஜான் ஆடம்ஸ் நாணயத்தில் வெற்று விளிம்பு அதனினும் அரிது. சில ஆடம்ஸ் நாணயங்கள் இயந்திரத்தில் இருமுறை புகுந்து, விளிம்பெழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தும் கிடைக்கின்றன.

இங்கேதான் ஏமாற்றும் நுழைகிறது. விளிம்பெழுத்தை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, 'எழுத்தில்லா அரிய நாணயம்' என்று விற்கிறார்கள். உண்மையான நாணயத்தின் எடை 8.1 கிராம், விட்டம் ஏறத்தாழ 26.5 மில்லிமீட்டர். தேய்க்கப்பட்டதில் விட்டம் குறைந்திருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் விளிம்பில் கீறல் கோடுகள் தெரியும். விளிம்பெழுத்து 'தலைகீழாக' இருப்பதாகச் சொல்லிக் கூடுதல் விலை கேட்பதும் பரவலாக நடக்கிறது. அந்த இயந்திரம் நாணயத்தின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்ப்பதில்லை; ஆகவே ஏறக்குறைய பாதி நாணயங்கள் அப்படித்தான் இருக்கும். அது பிழையே அன்று.

2000-இல் வந்த, அமெரிக்கப் பழங்குடிப் பெண் சக்காகவியாவின் உருவம் பொறித்த டாலரில் இரண்டு அரிய வகைகளை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. சீரியோஸ் உணவுப் பெட்டிகளில் விளம்பரத்துக்காக வைக்கப்பட்ட 5,500 நாணயங்களில் சிலவற்றில், கழுகின் வால் இறகுகள் வழக்கத்தைவிட நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட தொடக்கநிலை அச்சு பயன்பட்டிருப்பதைச் சேகரிப்பாளர்கள் 2005-இல்தான் கண்டுகொண்டார்கள். இன்று அவை ஆயிரக்கணக்கான டாலர் பெறும். மற்றொன்று, ஒரு பக்கம் கால் டாலரின் வாஷிங்டன் தலையும் மறுபக்கம் டாலரின் கழுகுமாக, டாலர் தகட்டிலேயே இரு வேறு அச்சுகள் சேர்ந்து அழுத்திய நாணயம். இதுவரை வெளிப்பட்டவை சுமார் இருபதுதான். ஏலத்தில் ஒன்று ஒரு லட்சம் டாலரையும் தாண்டியிருக்கிறது. இவ்விலையைக் கேள்விப்பட்டவர்களைக் குறிவைத்து, இரண்டு நாணயங்களைக் குடைந்து ஒட்டிய போலிகள் சந்தையில் உலவுகின்றன. அவற்றில் விளிம்புத் திட்டின் உட்புறம் மெல்லிய ஒட்டுக்கோடு ஓடும், எடையும் மாறியிருக்கும்.

நிறமாற்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த நாணயங்கள் தங்கமல்ல. செம்பு உட்பகுதியின் மேல் மாங்கனீசு கலந்த பித்தளை போர்த்தியவை. கைவியர்வையிலும் காற்றின் ஈரத்திலும் அவை பழுப்பாகவோ கருமையாகவோ மாறுவது இயல்பு. அதைப் பிழை என்று நம்ப வேண்டாம். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்த நாணயத்தின் மூலப் பளபளப்பு திரும்பவே திரும்பாது. உண்மையான பிழை நாணயத்தின் விலைகூட அதனால் பெருமளவு விழுந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது.

எடையும் விட்டமும் சரியாக இருந்து, குறைக்கு நாணயச்சாலைக்குள்ளேயே காரணம் கிடைத்து, அதே வகையின் முந்தைய ஏல விலை தரச்சான்றுக் கட்டணத்தைத் தெளிவாக மிஞ்சினால் மட்டும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற, நாணயத்தைச் சோதித்துத் தரச்சான்று அளிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே சான்றுப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் நாணயத்தை வாங்குவதானால், பெட்டியிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள விவரமும் படம் இருந்தால் அந்தப் படமும் கையிலிருக்கும் நாணயத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பெட்டிகளிலும் போலிகள் வந்துவிட்டன.