வேலை நேரத்தை மாற்றிக் கேட்கிறீர்களா? எழுத்தில் கேளுங்கள்

சிங்கப்பூரில் ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்கள் "காலையில் ஒரு மணி நேரம் தள்ளி வரட்டுமா?" என்று மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்கிறார்கள். "பார்க்கலாம்" என்பார். பிறகு பேச்சே இருக்காது. அவர் மீது புகார் சொல்லவும் முடியாது, ஏனென்றால் முறைப்படி யாரும் எதையும் கேட்கவில்லை.

2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலம் முடித்த எந்த ஊழியரும் விண்ணப்பிக்கலாம். மூத்தவர்களுக்கென்று தனி முன்னுரிமை இல்லை. "எனக்கு வயதாகிவிட்டது, கொடுத்துத்தான் ஆகவேண்டும்" என்று போய் நின்றால் ஏமாற்றம்தான். கேட்கும் வழிக்குத்தான் பாதுகாப்பு, கேட்டது கிடைக்கும் என்பதற்கு அல்ல.

நிறுவனத்தில் அதற்கென்று படிவம் இருந்தால் அதிலேயே கேளுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சல் போதும். விண்ணப்பத் தேதி, என்ன ஏற்பாடு, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு காலத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணம் என அனைத்தும் அதில் இருக்கட்டும். அனுப்பியதன் நகலை அலுவலகக் கணினியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் வேண்டும். செலவு கூடும், உற்பத்தி குறையும், அந்த வேலைக்கு நடைமுறையில் ஒத்துவராது என்பவை ஏற்கத்தக்கவை. "ஆள் கண்முன்னே இருக்கவேண்டும்", "எங்கள் கம்பெனியில் அந்தப் பழக்கமே இல்லை" என்பவை செல்லாது. இப்படிச் சொன்னால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். மேலாளர்கள் பலர் அங்கேயே சுருதி இறங்கிவிடுவார்கள்.

பெரிய பொறி சம்பளத்தில் இருக்கிறது. தொடங்கும் நேரத்தை மாற்றுவது வேறு, வேலை மணியைக் குறைப்பது வேறு. ஒப்பந்தப்படி வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைந்தால் நீங்கள் பகுதிநேர ஊழியர். விடுப்பு விகிதப்படி சுருங்கும். சம்பளம் குறையக் குறைய மத்திய சேமநிதி (மசேநி) சந்தாவும் குறையும். புதிய தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

ஓய்வு வயதுக்குப் பின் மறுவேலைவாய்ப்பு என்றால் புது ஒப்பந்தம் வரும். "பழைய நேரமே தொடரும்" என்று வாயால் சொன்னதை நம்பாமல், நேரத்தை அந்த ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள்.

இரண்டு மாதம் கடந்தும் பதில் இல்லையா? முதலில் நிறுவனத்துக்குள் குறைதீர்க்கும் வழி, அடுத்து தொழிற்சங்கம் அல்லது டாஃபெப் (TAFEP) எனும் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பு. டாஃபெப் முறை தவறியதைத்தான் கேட்கும், வேலை நேரத்தை மாற்றி உத்தரவு போடாது. தேதியுள்ள அந்த மின்னஞ்சல் இல்லாமல் அங்கே போனால் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.