கொசுவுக்கு வயதாகக் கூடாது: ஆப்பிரிக்க மலேரியாவின் கணக்கு

"ஆப்பிரிக்காவில் வருடக்கணக்காகக் கொசுவலையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களே, தேங்கிய தண்ணீரை ஒழித்துக் கொசுவைப் பிறக்க விடாமல் செய்தால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் குடல் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸும் இப்படித்தான் யோசித்தார். சில வருடங்களில் சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரத்துக்குப் போய், குட்டைகளை வடியவைக்கும் வேலையிலேயே இறங்கினார். ஆனால் அந்த வேலை நிலையான பலன் தரவில்லை.

ஆப்பிரிக்காவின் முக்கிய மலேரியாக் கொசுக்களில் ஒன்றான அனாபிலிஸ் காம்பியே, வெயில் படும் சின்னச் சின்னக் குழிகளில் முட்டையிடும். மழை பெய்தபின் மாட்டுக் குளம்புத் தடத்தில் தேங்கும் தண்ணீரே அதற்குப் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் அதிலிருந்து கொசு பறந்துவிடும். அடுத்த மழைக்கு வேறு தடங்கள், வேறு குழிகள். ஒரு கிராமத்தில் எத்தனை குழியை மூடுவது?

சரி, அப்படியென்றால் வலை மட்டும் எப்படி வேலை செய்கிறது? கொசுவுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் கதைதான். மீதிப் பாதி, கொசுவின் வயதில் இருக்கிறது.

மலேரியா நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிட முடியாது. ரத்தத்தோடு உள்ளே போன மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியத்தின் ஆண், பெண் வடிவங்கள் கொசுவின் குடலில் கூடுகின்றன. பிறந்த உயிர் குடல் சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒரு பையாக மெல்ல வளர்கிறது. பை வெடித்தால் ஆயிரக்கணக்கான நுண்கிருமிகள் வெளியேறி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்கின்றன. அதற்குப் பிறகுதான் அந்தக் கொசுவின் கடி ஆபத்தானது. கொடிய மலேரியாவைத் தரும் ஃபால்சிபாரம் கிருமிக்கு, 25 டிகிரி வெப்பத்தில் இந்தப் பயணம் முடியச் சுமார் 12 நாள் ஆகும். குளிர் கூடினால் இன்னும் இழுக்கும்.

ஒரு கொசுவின் வாழ்க்கையில் 12 நாள் மிக நீண்ட காலம். தினமும் 100-க்கு 90 கொசு பிழைக்கும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோயாளியைக் கடித்த 100 கொசுக்களில் 12 நாள் கழித்து மிஞ்சுவது ஏறக்குறைய 28. தினசரிப் பிழைப்பு 80 ஆகக் குறைந்தால் மிஞ்சுவது 7. 70 ஆனால், ஒன்றோ இரண்டோ. கணக்கு இதோடு நிற்கவில்லை. மிஞ்சிய கொசுக்களும் அதன்பின் எத்தனை நாள் உயிரோடிருந்து கடிக்கும் என்பதும் சுருங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், 90 சதவீத ஊரில் அந்த 100 கொசுக்களுக்கும் சேர்த்து நோய் பரப்பும் நாட்கள் சுமார் 270. 80 சதவீத ஊரில் சுமார் 30. 70 சதவீத ஊரில் வெறும் 4. பிறக்கும் கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் ஆபத்து பாதியாகும். அதன் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலோ ஆபத்து பல மடங்கு சரிகிறது. 1950-களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு இந்தக் கணக்கை அழகாக நிறுவினார். மலேரியாவைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கொசுவின் வயதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? அதற்கும் ஒரு வழி உண்டு. பெண் கொசுவின் சூலகத்தில் மிக நுண்ணிய காற்றுக் குழாய்கள் சுருண்டு சுருண்டு கிடக்கும். முதல் முறை முட்டை வளரும்போது சூலகம் உப்பி, அந்தச் சுருள்கள் நீண்டு விரிந்துவிடும். முட்டையிட்ட பின்னும், ஒருமுறை ஊதிய பலூன் பழைய இறுக்கத்துக்குத் திரும்பாததுபோல, அவை மறுபடி சுருளாது. நுண்ணோக்கியில் சுருள் தெரிந்தால் இளம் கொசு. விரிந்திருந்தால் ஒருமுறையாவது முட்டையிட்ட கொசு. சோவியத் விஞ்ஞானி தத்தியானா தெத்தினோவா வகுத்துத் தந்த இந்த முறையை இன்றும் கையாள்கிறார்கள். ஓர் ஊரில் பிடித்த கொசுக்களில் முட்டையிட்டவற்றின் பங்கு குறைந்தால், அங்கே கொசுக்கள் கிழடாகும் முன் சாகின்றன என்று அர்த்தம்.

இப்போது வலைக்கு வருவோம். அனாபிலிஸ் காம்பியேயும், ஆப்பிரிக்காவின் இன்னொரு முக்கிய மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் ஃபனஸ்டஸும் பெரும்பாலும் நடுநிசியில், வீட்டுக்குள் வந்து, மனிதர்களையே தேடிக் கடிப்பவை. தூங்குபவரின் மூச்சும் வாடையும் கொசுவை வலைக்கு இழுக்கும். அது வலையில் உட்கார்ந்து வழி தேடும்போது, நூலில் ஏற்றிய பைரித்ராய்டு மருந்து கால் வழியே ஏறும். (நம் வீட்டுக் கொசுவத்திச் சுருளில் இருப்பதும் இதே குடும்பத்து மருந்துதான்.) இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம் தேவைப்படும் கொசு, அந்த 12 நாளில் இந்தச் சோதனையை நான்கு முறையாவது தாண்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி செத்தால், 100-இல் கடைசியில் மிஞ்சுவது 6. இதனால்தான் வலை இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் பலன் கிடைக்கிறது. கென்யாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிய அசெம்போ பகுதியில் 1990-களில் நடந்த ஆய்வில், வலை கொடுத்த வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த, வலையே இல்லாத வீடுகளிலும் குழந்தை இறப்பு குறைந்தது.

2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட 66 கோடிக்கும் மேற்பட்ட மலேரியா நோய்ப்பாடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு வலைகளே காரணம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அப்புறம் கொசுக்கள் மாறத் தொடங்கின. சிலவற்றின் நரம்பில் மருந்து பிடிக்கும் இடமே திரிந்துவிட்டது. வேறு சில, பி450 என்ற நொதிகளை அதிகமாகச் சுரந்து மருந்தைச் சிதைக்கின்றன. இதற்கு வந்த பதில்களில் ஒன்று குளோர்ஃபெனாபிர் என்ற வேறு வகைப் பூச்சிமருந்து. அது உள்ளே போகும்போது சாதுவான பொருள்தான். கொசுவின் பி450 நொதி அதை மாற்றியதும்தான் நஞ்சாகி, செல்லின் ஆற்றல் உற்பத்தியை முடக்குகிறது. பழைய மருந்திலிருந்து கொசுவைக் காப்பாற்றிய அதே நொதிக் குடும்பம், இந்த மருந்தை நஞ்சாக்கிக் கொடுக்கிறது! கொசு உடனே சாகாது, இரண்டு மூன்று நாள் ஆகலாம். 12 நாள் கணக்கு தெரிந்தவருக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. தான்சானியாவின் மிசுங்வி மாவட்டத்தில் இரண்டு வருடம் நடந்த சோதனையில், பழைய வகை வலையோடு ஒப்பிடும்போது, இந்த மருந்தும் சேர்ந்த வலை குழந்தைகளின் மலேரியாவைச் சுமார் 44 சதவீதம் குறைத்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது.

ஆனாலும் அந்த ஒரே வருடத்தில் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம் பேர். 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில், பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்த நிலையில் 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, அதை நம்பியிருந்த மலேரியாத் திட்டங்களுக்குப் பெரிய அடி. வலை வாங்கக் காசு வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. கொசுவைப் பிடித்து, சூலகத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆட்களுக்கும் சம்பளம் வேண்டும் என்பது யாருக்கும் புரிவதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எந்த வலை எந்த ஊரில் தோற்கிறது என்பது குழந்தைகள் இறந்த பிறகுதான் தெரியவரும். இந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, 2012-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த வருடம் அங்கே மலேரியா கண்டவர்கள் 27 பேர். 2020-இல் 73 ஆயிரத்துக்கும் மேல். 2022-இல் எத்தியோப்பியாவின் திரே தாவா நகரில் பரவிய மலேரியாவுக்கும் இதே கொசுதான் காரணம். இது நகரக் கொசு. சாயங்காலமே, வீட்டுக்கு வெளியிலும் கடிக்கும், மாட்டையும் கடிக்கும். அதனால் இரவு வலையின் கணக்கு இதனிடம் முழுதாகப் பலிக்காது. ஆனால் தொட்டிகளை எண்ணிவிடலாம், மூடிவிடலாம், வாரம் ஒருமுறை பார்க்கலாம். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதும், தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுவதும், கொசுப்புழு இருந்தால் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து ஊற்றுவதும் சென்னையில் பல பத்தாண்டுப் பழக்கம். 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் பெற்ற இலங்கையும், மன்னாரில் இந்தக் கொசு தென்பட்டதிலிருந்து கிணறு கிணறாகக் கவனித்து வருகிறது. திரே தாவாவிலும் ஜிபூட்டியிலும் இப்போது தேவைப்படுவது இந்த வகைக் கைவேலைதான். அதைக் கற்றுத்தர இங்கிருந்து ஆட்களை அனுப்ப ஆகும் செலவு மிகச் சிறியது. இந்திய அரசு அதைத் தயங்காமல் செய்ய வேண்டும்.